பத்துக்கு எத்தனை? தேர்வுப் பிரிவு கவுண்டரிலிருந்து

தேர்வுப் பிரிவில் வேலை பார்ப்பவளுக்கு ரிசல்ட் வரும்வரை 'மேடம்' என்று பெயர்; ரிசல்ட் வந்த பிறகு என்ன பெயர் என்பதைக் கல்லூரிக் கழிப்பறைச் சுவரில் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற நாலுவழிச் சாலையில், பருத்திக் காட்டை மனையாக்கி, மனை விலை போகாததால் பொறியியல் கல்லூரியாக்கிய ஓர் இடத்தில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். காலையில் ஆரப்பாளையத்தில் கல்லூரி பஸ் ஏறினால் சாயங்காலம் அதே இடத்தில் இறக்கிவிடுவார்கள். தன்னாட்சிக் கல்லூரி. அதாவது கேள்வித்தாள் எடுப்பதும் நாங்களே, திருத்துவதும் நாங்களே, திட்டு வாங்குவதும் நாங்களே. வங்கியோ, தாலுகா ஆபீஸோ, ரயில்வே முன்பதிவோ, எங்கெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து 'இல்லை', 'முடியாது', 'நாளைக்கு வாங்க' என்று சொல்லிப் பிழைக்கிறீர்களோ, நீங்களெல்லாம் என் பங்காளிகள். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று ஓர் எடை உண்டு. வாங்கிய கிரேடுக்கு இத்தனை புள்ளி என்று உண்டு. இரண்டையும் பெருக்கி, எல்லாப் பாடத்துக்கும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் வருவதுதான் சிஜிபிஏ. பத்துக்கு இத்தனை என்று வரும். ஒரு பிள்ளையின் நாலு வருஷம் அந்த ஒரு எண்ணுக்குள் அடங்கிவிடும். அதை அச்சடித்து, முத்திரை குத்தி, கண்ணாடி ஓட்டை வழியாக நீட்டுவது என் வேலை.

ஒரு புள்ளி

பரவையிலிருந்து வருகிற ஒரு பையன். அப்பா அங்கே காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். கார்த்திக் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை ஒரு கம்பெனி வளாகத்துக்கு ஆள் எடுக்க வருகிறது. ஏழுக்குக் குறைந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் கார்த்திக் ஒரு தாளைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆறு செமஸ்டர், நூற்று முப்பது கிரெடிட், தொள்ளாயிரத்து ஒன்பது புள்ளி. வகுத்தால் 6.99. "தொள்ளாயிரத்துப் பத்து இருந்தா கரெக்டா ஏழு மேடம். ஒரே ஒரு புள்ளி. லிங்க்ல போட்டா தகுதி இல்லைன்னு செவப்புல வருது" என்றான். நானும் கணினியில் போட்டுப் பார்த்தேன். பையன் கணக்கில் தப்பே இல்லை.

தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போனேன். சி.ஓ.இ. சார் என்போம். நல்ல மனுஷர்தான், ஆனால் விதி என்று ஒன்று இருந்தால் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். "இன்னைக்கு இவனுக்கு ஏழாக்கினா நாளைக்கு 6.98 வந்து நிப்பான். அப்புறம் 6.97 வருவான். எங்க நிறுத்துவீங்க?" என்றார். நான் வெளியே வருவதற்குள் கார்த்திக் பழைய மார்க் ஷீட்டுகளைப் பரப்பி அந்த ஒரு புள்ளி எங்கே விழுந்தது என்று கண்டுபிடித்து வைத்திருந்தான். மூன்றாவது செமஸ்டர், ஒரு கிரெடிட் எலெக்ட்ரானிக்ஸ் லேப். செய்முறைத் தேர்வன்று ரெக்கார்ட் நோட்டைக் கொண்டுவராததால் ஒரு கிரேடு குறைத்திருக்கிறார்கள். குறைத்த மிஸ் கல்லூரியை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது.

வியாழக்கிழமை கம்பெனிக்காரர்கள் வந்து, செமினார் ஹாலில் பிரியாணி சாப்பிட்டு, முப்பத்தெட்டுப் பேரை எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் கார்த்திக் வேறு ஏதோ சான்றிதழுக்காக வந்தான். கோபமில்லை, அழவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"நோட்ட வீட்டுல மறந்து வச்சுட்டு வந்தது ஒரே ஒரு நாளு மேடம். அந்த ஒரு நாளைக்கு வெலை இம்புட்டா?"

ஏழுக்கு ஆறே கால்

திருமங்கலம் தாண்டி உள்ளே ஒரு கிராமத்திலிருந்து ஒரு அப்பா வந்திருந்தார். வெள்ளைச் சட்டையில் மடிப்பு கலையாமல், டிவிஎஸ் வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, மகன் இங்கே படிக்கிறான் என்பதற்கு ஒரு சான்று வாங்க வந்தவர். சொந்தமாக இரண்டு ஏக்கர். மீதி நேரம் அடுத்தவர் நிலத்தில் வேலை. சான்று அச்சாகும் நேரத்தில், "பய எப்படிப் படிக்கிறான் மேடம்?" என்றார். இந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லக் கூடாது, துறையில் போய்க் கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அந்த மடிப்புக் கலையாத சட்டைக்காக, "ஆறு புள்ளி ரெண்டு அஞ்சுங்க" என்றேன்.

"தெரியும், தெரியும்" என்று சிரித்தார். "ஏழுக்கு ஆறே கால். எங்க சொந்தத்துல இம்புட்டு எடுத்தவன் எவனும் கெடையாது. போன வாட்டி மிட்டாயி வாங்கித் தெருப்பூராம் குடுத்தேன்."

என் நாக்கு ஒரு நொடி பொறுத்திருக்கலாம். "ஏழுக்கு இல்லைங்க, பத்துக்கு" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவர் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே இருந்தது. "பத்துக்கா?" என்றார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "மொத வருசம் எட்டுக்குன்னான். அப்பறம் ஏழுக்குன்னான். கவர்மெண்ட்டு மாத்திருச்சு போலன்னு நெனச்சேன்" என்றார். திரையில் அவன் பெயருக்குக் கீழே இரண்டு அரியர் வேறு இருந்தது. திரையை மெல்ல என் பக்கம் திருப்பிக்கொண்டேன். சான்றை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். படியிறங்கப் போனவர் திரும்பி வந்து, ஓட்டைக்கு நேராகக் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீங்க சொன்னதா அவன்ட்டச் சொல்ல மாட்டேன்மா. எனக்குத் தெரிஞ்சதாவும் காட்டிக்க மாட்டேன். பெறகு வீட்டுக்கு வர மாட்டான்."

கோடு போட்ட தாள்

எங்கள் விதிப்புத்தகத்தில் ஒரு பொந்து இருக்கிறது. பெயிலான பாடம் சிஜிபிஏ கணக்கில் சேராது. பிறகு எழுதிப் பாஸான பின்தான் சேரும். இதைக் கண்டுபிடித்த மகராசன் யாரென்று தெரியாது, ஆனால் வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசி கிரேடில் பாஸானால் மொத்தமும் கீழே இறங்கும். பெயிலானால் எண் அப்படியே நிற்கும்; அடுத்த முறை நன்றாகப் படித்து மேல் கிரேடு வாங்கிக்கொள்ளலாம். ஆக, பயந்து பாஸாவதைவிடத் துணிந்து பெயிலாவது லாபம். கல்வியில் இப்படி ஓர் ஏற்பாட்டை வேறு எந்த நாட்டிலாவது யோசித்திருப்பார்களா?

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன். சிஜிபிஏ 7.04. நாலு கிரெடிட் பாடம் ஒன்றில் இரண்டரை மணி நேரம் எழுதிவிட்டு, கடைசி அரை மணி நேரம் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை கோடு போட்டிருக்கிறான். ஹாலில் இருந்த சார் பதறிப்போய் அவனை எங்களிடம் அழைத்துவந்தார். தன் விடையைத் தானே அடிப்பது எந்த விதிப்படியும் குற்றமில்லை என்பதால் எச்சரித்து அனுப்ப வேண்டியதாயிற்று. "சி கிரேடுல பாஸ் ஆனா அது கடைசி வரைக்கும் கூடவே வரும் மேடம். அரியர்னா ஆறு மாசத்துல கழுவிறலாம்" என்று எனக்கே பாடம் எடுத்தான். அந்த ஆறு மாசத்துக்குள் கம்பெனி வந்தது. ஏழுக்கு மேல் வேண்டும், கூடவே கையில் அரியர் இருக்கக் கூடாது. 7.04ஐக் கையில் வைத்துக்கொண்டு அவன் வாசலில் நின்றான்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தான். அடித்த விடையைத் திருத்தக் கூடாது என்பது விதி, சி.ஓ.இ. சார் அதன் மேல் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஆனாலும் தாளை எடுத்துப் பாட ஆசிரியரிடம் காட்டினார்கள். ரிட்டையராகப் போகிற வயசு அவருக்கு. தேர்வுப் பிரிவில் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி, இருபத்தெட்டுப் பக்கத்தையும் ஒன்று விடாமல் படித்தார். அதிகாரப்பூர்வமாகப் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தாளைக் கட்டுக்குள் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"கோட்டுக்குக் கீழ இருக்கிறதப் படிச்சுப் பாத்தேம்மா. எழுவத்திரண்டு வரும். இந்தப் பயலுக்கு எதிரி வேற யாரும் வேணாம்."

விசாரணை

ஒரு நாள் மத்தியானம் போன். குரலை வைத்துப் பார்த்தால் ஐம்பது வயசுக்காரர், நல்ல வசதியானவர். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம், பையன் எங்கள் கல்லூரியில் படித்தவனாம், எட்டுக்கு மேல் என்று தரகர் சொன்னாராம், உண்மையா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். மாணவர் விவரத்தை வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்று எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாகச் சொன்னேன். அவர் ஐந்து நிமிஷம் வாதாடினார். நான் அசையவில்லை. விதியைக் காப்பாற்றிய நிம்மதியில் இருந்தபோது, அந்தப் பக்கம் யாரிடமோ திரும்பிப் பேசிவிட்டு மறுபடி போனுக்கு வந்தார். அந்தப் பையனின் எண் 8.61 என்பது அப்போது என் கண் முன்னால் திரையில் இருந்தது.

"சொல்ல மாட்டேங்கிறீங்கள்ல, அப்ப எட்டு இல்லன்னே வச்சுக்கிறோம்மா. ரொம்ப உபகாரம்."

விருப்பப் பாடம்

நாலாம் வருஷத்தில் பிள்ளைகள் தாங்களே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். விருப்பப் பாடம் என்று பெயர். யாருக்கு எதில் விருப்பமாக இருந்தாலும், முப்பது பேர் சேர்ந்தால்தான் அந்தப் பாடம் நடக்கும். எங்களிடம் ராஜசேகர் சார் என்று ஒருவர் இருந்தார். பம்ப்செட், சொட்டு நீர், நிலத்தடி நீர் என்று இந்த மண்ணுக்கு வேண்டிய ஒரு பாடத்தை அவரே வடிவமைத்து நடத்தினார். பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் வயலில் இறக்கி, மோட்டாரைப் பிரித்துக் காட்டுவார். அவர் வகுப்பு நடக்கும்போது அடுத்த வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலோரம் வந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரே குறை, எழுதியதற்கு மட்டும்தான் மார்க் போடுவார். பக்கத்து அறையில் இன்னொருவர், பெயர் வேண்டாம், முதல் வகுப்பிலேயே "ஒன்பதுக்குக் கீழ யாருக்கும் போட மாட்டேன், நீங்க ஃபீட்பேக்ல எனக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டுருங்க" என்று ஒப்பந்தம் பேசிவிடுவார். பதிவு தொடங்கிய அன்றைக்குக் காலை பதினொரு மணிக்குள் அவருக்கு நூற்றுப் பத்துப் பேர். ராஜசேகர் சாருக்கு நாலு. அடுத்த வருஷம் ஒன்று. பாடத்தை மூடினார்கள், பாடம் இல்லாதவருக்கு வகுப்பு நேரக் கணக்கு வரவில்லை என்று அந்த ஜூன் மாதம் அவரையும் அனுப்பினார்கள். கடைசி நாள் அவர் என்னிடம் 'நிலுவை ஏதுமில்லை' சான்றில் கையெழுத்து வாங்க வந்தபோது, ஜன்னலோரம் நின்று கேட்ட முன்னாள் மாணவர்கள் பத்துப் பேர் மாலையும் கையுமாக வாசலில் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் அழுதார்கள். இவர்களில் யாருமே அவர் பாடத்தை எடுத்தவர்கள் இல்லை என்பது என் கணினிக்குத் தெரியும். பொறுக்க மாட்டாமல் ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன், இவ்வளவு பாசம் இருக்கிறவள் ஏன் அவர் பாடத்தில் சேரவில்லை என்று.

"சார் மாதிரி யாரும் நடத்த முடியாது மேடம். ஆனா அவரு கரெக்டா மார்க் போடுவாருல்ல?"

மூலச் சான்று

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நாலு நாள் தள்ளிப்போட்டேன். உங்களில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

உடம்புக்கு முடியாவிட்டாலோ, வீட்டில் பெரிய துக்கம் என்றாலோ, ஒரு மாணவர் தேர்விலிருந்து வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். அரியர் என்று விழாது, 8.5க்கு மேல் இருந்தால் கிடைக்கிற சிறப்பு முதல் வகுப்பும் போகாது. நல்ல மனசோடு எழுதிய விதி. ஆனால் படிக்காத பாடத்திலிருந்து எண்ணைக் காப்பாற்ற இதுதான் வழி என்று பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். ஒரே டாக்டர், ஒரே பேதி, ஒரே பேனா மையில் பதினேழு சான்று வந்தது ஒரு முறை. ஒருவனுடைய பெரியப்பா நவம்பரிலும் ஏப்ரலிலும் இரண்டு தடவை செத்தார். வெறுத்துப்போன சி.ஓ.இ. சார், மூலச் சான்றோடு, தேர்வு தொடங்குவதற்கு முன்னால் கொடுத்தால்தான் வாபஸ் என்று உத்தரவு போட்டார். எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

மகேஸ்வரி கடைசி வருஷம். சிஜிபிஏ 8.53. அன்றைக்குக் காலை ஒன்பது பத்துக்கு கவுண்டருக்கு வந்தாள். "வித்ட்ராவல் குடுக்கணும் மேடம்." நான் ஹால் டிக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. "என்ன காரணம்?" "அப்பா எறந்துட்டாரு மேடம். விடியக்காலம்." அந்த வாரத்தில் அது நான் கேட்ட நாலாவது சாவு. "மூலச் சான்று வேணும்மா" என்றேன். "எறந்த சர்ட்டிபிகேட்டா? அது எடுக்க எத்தன நாளாகும் மேடம்?" "அது நீங்க பஞ்சாயத்துலயோ எங்கயோ கேக்கணும்." "அது இல்லாம இன்னைக்கி எழுதலேன்னா?" "ஆப்சென்ட். அரியர்னு விழும். டிஸ்டிங்ஷன் கிடைக்காது." பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னேன். அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தது தெரிந்தது. ஒன்பது இருபது. பத்து நிமிஷத்தில் தேர்வு. "ஒரு பேனா இருக்குமா மேடம்?" என்று கேட்டாள். எழுத வருகிறவள் பேனா இல்லாமல் வர மாட்டாள் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கையிலிருந்த பேனாவை ஓட்டை வழியாக நீட்டினேன். இன்னும் நிமிரவில்லை.

பதினொரு மணிக்கு, விடைத்தாள் கட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் பாண்டி அண்ணன் உள்ளே வந்தார். "அந்தப் பிள்ளையோட அப்பா நெசமாவே எறந்துட்டாராம்மா. கூடப் படிக்கிற பிள்ளை சொல்லுது. எடுக்காம வச்சுக்கிட்டு இவ வரட்டும்னு உக்காந்திருக்காங்களாம்" என்றார். நான் ஹாலுக்கு ஓடினேன். கதவோரம் நின்று பார்த்தேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, ஸ்கேல் வைத்து ஒரு படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளை வெளியே கூப்பிட்டால் எழுதியதும் போய்விடும். கூப்பிடாவிட்டால் இன்னும் ஒன்றரை மணி நேரம் அங்கே எல்லோரும் காத்திருக்க வேண்டும். எது சரியென்று எனக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்றுவிட்டு, ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்தேன். முடிந்ததும் பேனாவைக் கொண்டுவந்து கொடுத்து, "தேங்க்ஸ் மேடம்" என்றாள். அப்போதுதான் அவள் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். பாண்டி அண்ணன் தன் வண்டியிலேயே ஊர் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கேயே இருந்து எல்லாம் முடிந்த பிறகு வந்தார். என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

அந்தப் பாடத்தில் அவளுக்கு பி கிரேடு. 8.53 என்பது 8.46 ஆனது. சிறப்பு முதல் வகுப்புக்கு நூற்றில் நாலு பங்கு குறைவு. சி.ஓ.இ. சாரிடம் நடந்ததையெல்லாம், என் தப்பையும் சேர்த்து, எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார். "எழுதிட்டாளேம்மா. எழுதின பரீட்சைய எப்படி வாபஸ் வாங்குறது?" என்றார். ஒரு மாதம் கழித்து மார்க் ஷீட் வாங்க மகேஸ்வரி வந்தாள். கையெழுத்துப் போட்டு வாங்கினாள், எண்ணைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்துப் பிரித்து, கண்ணாடி ஓட்டை வழியாக என் பக்கம் தள்ளினாள்.

"அன்னைக்கிக் கேட்டீங்கள்ல மேடம், அப்பாவோட சர்ட்டிபிகேட்டு. ஒரிஜினல்தான். இப்பக் குடுத்தா எதுவும் செய்ய முடியுமா?"

ஃப்ளெக்ஸ்

எங்கள் கல்லூரி வாசலில், சாலையைப் பார்த்து ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் இருக்கிறது. பட்டமளிப்பு உடையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். 'எங்கள் பெருமை' என்று மேலே, 9.41 என்று கீழே, அவள் தலையைவிடப் பெரிய எழுத்தில். திவ்யா. நாலு வருஷமும் ஒரு அரியர் கிடையாது, ஒரு நாள் விடுப்பு கிடையாது, ஒரு சினிமா கிடையாது என்று அவளே சொல்லியிருக்கிறாள். அக்கா கல்யாணத்துக்கு முகூர்த்த நேரத்துக்கு மட்டும் போய்விட்டு மத்தியானம் இன்டர்னல் தேர்வு எழுத வந்தவள். நல்ல கம்பெனியில் வேலையும் கிடைத்தது. சேரும் தேதி பிறகு சொல்கிறோம் என்றார்கள். மூன்று மாதம் என்றார்கள், பிறகு ஆறு மாதம் என்றார்கள். பதினாலாவது மாதம், தொழில் சூழல் காரணமாக வருந்துகிறோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம், தற்காலிகமாக இருக்கட்டும் என்று எங்கள் முதல்வரே கூப்பிட்டுத் தேர்வுப் பிரிவில் போட்டார். இப்போது எனக்குப் பக்கத்து கவுண்டர் அவளுடையது. தினமும் காலையில் கல்லூரி பஸ் அந்த ஃப்ளெக்ஸைத் தாண்டி உள்ளே திரும்பும்போது அவள் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்ப்பாள். வேலையில் ஒரு பிழை வராது. மற்றவர்கள் மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பிடித்துவிடுவாள். அந்த ஃப்ளெக்ஸை எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "வேணாக்கா, அட்மிஷன் நேரம்" என்றாள்.

போன வாரம் முதல் வருஷப் பிள்ளைகள் முதல் செமஸ்டர் மார்க் ஷீட் வாங்க வரிசையில் நின்றார்கள். கண்ணில் இன்னும் பள்ளிக்கூடம் மாறாத ஒரு பெண் பிள்ளை திவ்யாவையே உற்றுப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டி, வரிசை முழுக்கக் கேட்கிற குரலில், "அக்கா, அந்த போர்டுல இருக்கிறது நீங்கதானக்கா? இம்புட்டு வாங்க என்னக்கா செய்யணும்?" என்றாள். வரிசை பூராவும் கழுத்தை நீட்டியது. நான் என் கையிலிருந்த முத்திரையை வைத்துவிட்டு என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன். திவ்யா நிமிர்ந்தாள். அந்தப் பிள்ளையைப் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள்.

"டோக்கன் நம்பரைச் சொல்லும்மா."

எவ்வளவு சரியாக வகுத்தாலும் மீதி என்று ஒரு ஆள் கவுண்டருக்கு வெளியே நிற்கத்தான் செய்கிறார். நாலரை மணி ஆனதும் அவர் முகத்துக்கு நேரே கண்ணாடியை இழுத்துச் சாத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.